பின் சீட்டில் உட்கார்ந்து வண்டி பார்த்தவர்

ஜாஸ்மின், டேனி, ரூபா, இதை மூன்று பேரும் படியுங்கள். ஜாஸ்மின் இரண்டு தடவை படி.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போது நீ கேட்டாய். "எனக்குப் பதினெட்டு ஆயிருச்சு. எல்எல்ஆரும் வந்தாச்சு. நீங்களே வண்டி சொல்லிக் குடுங்கப்பா." வழக்கம்போல நான், "அப்பாவுக்குக் கண்ணு சரியில்லம்மா, அம்மாகிட்டக் கேளு" என்றேன். நீ விடவில்லை. "கண்ணு சரியில்லாதவருதான் பாக்டரியில முடி மாதிரி வயரையெல்லாம் பாத்துப் பாத்து மாட்டுறீங்களா?" என்றாய். ரூபா சிரித்தாள். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த உங்கம்மாவும் சிரித்தாள். பின் சீட்டில் டேனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டேன்.

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு வருஷமாக உங்களிடம் பொய் சொல்லி வருகிறேன். நம்ம வண்டியை நான் ஏன் ஓட்டுவதில்லை என்பதை வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருக்கும். பிழை திருத்த உங்கம்மாவிடம்தான் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் முதலில் படிக்கப் போகிறவளும் அவள்தான். அவளுக்கும் இது தெரியாது.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரை எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுகிறேன், பேரும் போடுவது முறையில்லை.

ஜாஸ்மினுக்கு அவர் முகம் ஞாபகம் இருக்கலாம். ஒல்லியான ஆள். குல்லாவைக் காதுக்கு மேலே சுருட்டி வைத்திருப்பார். இந்தக் குளிரில் யாராவது காதைத் திறந்து வைப்பார்களா? அவர் வைப்பார். அரவேணுவில் கடைவீதி முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட ஷெட். பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர், அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தவர்கள். அதனால் 'புரியுதா' என்று கேட்க மாட்டார், 'விளங்குதா' என்றுதான் கேட்பார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். என்னை அண்ணே என்பார். உங்கம்மா அவரைத் தம்பி என்பாள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மற்ற மெக்கானிக்குகள் வண்டியைக் கண்டதும் பானட்டைத் தூக்குவார்கள், சைலன்சர் புகையில் கையை நீட்டிப் பார்ப்பார்கள், ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு சுற்று போய் வருவார்கள். இவர் பின் கதவைத் திறப்பார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி, வெறுங்காலை வண்டியின் தரையில் பதித்து உட்காருவார். "ஓட்டுங்க" என்பார். யார் வாங்கப் போகிறார்களோ அவர்கள்தான் ஓட்ட வேண்டும். பானட்டெல்லாம் கடைசியில்தான். சில வண்டிக்கு அதைத் திறக்கவே மாட்டார்.

குடும்பத்துக்கு வாங்குகிற வண்டி என்றால் இன்னொரு வேலையும் உண்டு. வீட்டில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை கிலோ என்று கேட்பார். பக்கத்து மண்டியில் உருளைக்கிழங்கு வாங்கி, தேயிலைக் கொழுந்து எடை போடுகிற தொங்கு தராசில் மாட்டி, ஆளுக்கு ஒரு மூட்டை கட்டுவார். அந்தந்த ஆள் உட்காருகிற இடத்தில் மூட்டையை வைத்து, பெல்ட்டும் போட்டுவிடுவார். "மொதல்ல பிள்ளைங்க ஏறட்டும்" என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வண்டி நகர்ந்த பிறகு ஓட்டுகிறவனுக்குச் சிரிப்பு வராது.

நான் ஒரு தடவை கேட்டேன், ஏன் முன்னால் உட்காருவதில்லை என்று.

"முன்னால உக்காந்தா நானும் ரோட்டத்தான் பாப்பேன் அண்ணே. விளங்குதுங்களா?"

அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

குன்னூரில் தேயிலை வியாபாரம் செய்கிற ஒருத்தர் பெரிய வெள்ளை வண்டி ஒன்றை வாங்குவதற்காக இவரைக் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் இவர் மட்டும் நடந்து ஷெட்டுக்குத் திரும்பி வந்தார். அப்போது நான் அங்கே பாக்டரி பிக்கப்புக்கு பெல்ட் மாற்ற நின்றுகொண்டிருந்தேன். பின்னாலேயே அந்த வியாபாரியும் வண்டியில் வந்து இறங்கினார்.

"வண்டியில என்ன குறை? அதச் சொல்லு."

"வண்டி நல்ல வண்டிங்க. உங்களுக்கு வேண்டாம்."

"எனக்கு வேணுமா வேண்டாமான்னு நீ யார்றா சொல்றதுக்கு? வண்டியப் பாக்கத்தானே கூப்பிட்டேன்."

"பாத்துட்டேனுங்களே."

அவர் திட்டிக்கொண்டே போனார். இவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என்ன ஆச்சு என்றேன். "ஆடு குறுக்க வந்துச்சு. பிரேக் போட்டாரு, அது சரி. அப்புறம் ஆட்டுக்காரன் மேல கோவம். ரெண்டு வளைவுக்குக் கண்ணாடியிலயே அவனப் பாத்துக்கிட்டு வந்தாரு. முன்னால ரோடு இருக்குங்கிறதே மறந்துபோச்சு."

வேறொரு நாள், கோத்தகிரிப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் சின்ன கார் ஒன்று பார்த்தார். கதவுக்கு அடியில் எல்லாம் துரு. மூன்றாவது கியர் விழ மறுத்தது. பத்து நிமிஷம் போய் வந்தார்கள். "வண்டி மோசம் டீச்சர். வாங்கிக்கங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். டீச்சருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஊரில் இதையெல்லாம் வைத்து அவரை ஓட்டுவார்கள். "வண்டி பாக்கச் சொன்னா இவன் மாப்பிள்ளை பாக்கறான்" என்பார் டீக்கடைக்காரர். ஜோசியக்காரன் என்று பேர் வைத்தவர்களும் உண்டு. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிடுமோ என்று பயந்து, வேறு மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறவர்களும் இருந்தார்கள். அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று நான் சொல்ல மாட்டேன். நம்ம சபையில் புதிதாகக் கல்யாணமான ஒரு பையனிடம் வேண்டாம் என்றார். அவன் கேட்கவில்லை, வாங்கினான். இன்றைக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதை நான் குத்திக்காட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"நல்லதுதானுங்களே அண்ணே. என் கணக்கு தப்பாப் போனா எல்லாருக்கும் நல்லது."

இப்போது நம்ம கதை.

டேனியின் காலுக்குப் பயிற்சி கொடுக்க மாதம் இரண்டு தடவை கோயமுத்தூர் போய்க்கொண்டிருந்தோம். பஸ்ஸில் சக்கர நாற்காலியை ஏற்றுவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். வாடகைக் காருக்கு மேலே கேரியரில் கட்டினால் மழையில் நனையும். டாக்டர் வாரம் ஒரு தடவை வரவேண்டும் என்று சொல்லிவிட்டார், விட்டுவிட்டுச் செய்தால் பயனில்லை என்றார். நமக்கு ஒரு வண்டி வேண்டும். ஐந்து பேர், ஒரு நாற்காலி. சின்ன வண்டியில் அத்தனையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் முதல் கியரிலேயே அழும்.

அப்போதுதான் அந்த நீல வண்டி வந்தது. வெலிங்டனில் இருந்து மாற்றலாகிப் போகிற ஒரு ராணுவ அதிகாரியின் வண்டி. வெளிநாட்டுக் கம்பெனி. முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் வேன் மாதிரி நீளம். பின் கதவைத் தூக்கினால் நாற்காலியை மடக்காமல் அப்படியே உருட்டி ஏற்றலாம். எஞ்சின் பந்தய வண்டி எஞ்சின், டர்போ, ஆறு கியர். வேகத்துக்கு ஆசைப்படுகிறவனுக்கு அதன் உருவம் பிடிக்காது, குடும்பஸ்தனுக்கு அதன் எஞ்சினைக் கண்டால் பயம். அதனால் யாரும் வாங்காமல் ரொம்ப நாள் அவர் வீட்டு ஷெட்டில் நின்று, நம்ம கைக்கு எட்டுகிற விலைக்கு வந்திருந்தது. டேனி, நீ அதன் பின்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, என் சேருக்கு ரூம் கிடைச்சிருச்சு" என்றாய்.

அதிகாரி நல்ல மனுஷர். சனிக்கிழமை காலையில் சாவியை என் கையில் கொடுத்து, "மெக்கானிக்கிட்டக் காட்டிட்டு வாங்க. ஆனா ரெண்டு மணிக்குள்ள சொல்லிருங்க. கோயமுத்தூர்ல இருந்து இன்னொருத்தர் வர்றார்" என்றார்.

எனக்குப் பயமே இல்லை. மற்றவர்களிடம் அந்த மெக்கானிக் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நான் எலக்ட்ரீஷியன் என்றாலும், பதினாறு வருஷமாக பாக்டரி பிக்கப்பையும் நான்தான் ஓட்டினேன். ஒரு கேஸ் கிடையாது, ஒரு உரசல் கிடையாது. போதாததற்கு, டீசலை மிச்சம் பிடிக்கிற ஆள் என்று மேனேஜரிடம் நல்ல பேர். எப்படி மிச்சம் பிடித்தேன் என்பதைச் சொல்கிறேன். இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தட்டிவிடுவேன். வண்டி தன் பாட்டுக்கு உருளும். நம்ம பக்கத்துப் பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அரவேணு தாண்டித் தட்டினால் குஞ்சப்பனை வரைக்கும் ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம் என்று டீக்கடையில் பெருமையடிப்போம். ரோட்டோரத்தில் 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்று போர்டு இருக்கும். அதைக் கீழ்நாட்டுக்காரர்களுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். மலைக்காரனுக்கு எதற்குப் போர்டு?

மெக்கானிக் தன் ஷெட்டில் மூட்டை கட்ட ஆரம்பித்தார். ஜாஸ்மின் முப்பத்து நாலு கிலோ. டேனி இருபத்தாறு. ரூபா பதினேழு. உங்கம்மாவும் பார்க்க வந்திருந்தாள்.

"அக்கா, நீங்க எத்தனை?"

"அம்பதுன்னு போடுங்க தம்பி."

அவர் மறுபேச்சுப் பேசாமல் ஐம்பது கிலோ கட்டினார். அப்புறம் ஒரு சின்னப் பையில் எட்டு கிலோ நிறுத்தி அதற்கு மேலே வைத்தார்.

"அது எதுக்கு?"

"சும்மாதாங்க்கா. கைப்பை கொண்டு வருவீங்கல்ல."

உங்கம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அம்மா மூட்டை முன் சீட்டில். மற்ற மூன்றும் பின்னால், அவற்றோடு அவர் ஒடுங்கி உட்கார்ந்தார். நாற்காலியைப் பின்பக்கம் வைத்துக் கயிற்றால் கட்டினோம். "டேனி நடுவுல சரியா உக்காந்திருக்கான். கிளம்புங்க" என்றார்.

வண்டி என்ன வண்டி. கால் வைத்தால் போதும், முதுகைப் பிடித்துத் தள்ளியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரவேணுவைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் என் கை கியரை நியூட்ரலில் தட்டியது. நான் தட்டினேன் என்று எழுத வரவில்லை, கைதான் தட்டியது. வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அவர் மேல் கொஞ்சம் இளக்காரம்கூட வந்தது. இத்தனை சுகமாக ஒருத்தன் இவரை இறக்கியிருக்க மாட்டான் என்று நினைத்தேன்.

அந்த வண்டி கனம். பிக்கப் மாதிரி எஞ்சின் கத்தாது, காற்றுச் சத்தமும் உள்ளே வராது, அதனால் வேகம் தெரியவில்லை. வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே போனேன். ஏழாவது எட்டாவது வளைவில் ஒரு வாசம் வந்தது. கரிந்த ரப்பரும் இல்லை, எண்ணெயும் இல்லை. வெளியே இருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தேன். பெடல் ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது. மறுபடி மிதித்தேன். இன்னும் கீழே போனது. வண்டியின் வேகம் குறையவில்லை.

இடது பக்கம் மலை. வலது பக்கம் பள்ளம். கீழே வளைவிலிருந்து ஒரு பஸ் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். எனக்கு நிற்க வழியில்லை.

பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தேன். அது உருளைக்கிழங்காகத் தெரியவில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. சத்தம் போடாமல், கடையில் சாமான் கேட்கிற மாதிரி.

"அண்ணே, நியூட்ரல்ல இருக்கீங்க. கிளட்சப் புடிச்சு மூணப் போடுங்க."

போட்டேன். எஞ்சின் அலறியது. நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம், பின்னால் நாற்காலி கயிற்றை இழுத்தது.

"இப்ப ரெண்டு. கை பிரேக்க மெதுவா. வெடுக்குன்னு வேண்டாம். இடது பக்கம் ஓடையில எறக்குங்க."

இடது சக்கரங்கள் இரண்டும் ஓரத்து ஓடையில் இறங்கி, மண்ணில் உரசிக்கொண்டே போய், வண்டி நின்றது. பஸ் எங்களை ஒட்டி வந்து நின்றது. டிரைவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நாலு சக்கரத்திலும் புகை.

"ஏனுங்க, நாலு அடுப்புலயும் பஜ்ஜி போடறீங்களாட்ட இருக்குது?"

நான் இன்னும் கை பிரேக்கை விடவில்லை. மெக்கானிக் இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் கை காட்டி அனுப்பினார். பிறகு இரண்டு பேரும் வண்டியை ஓடையிலிருந்து மெல்லத் தார் மேல் ஏற்றி நிறுத்தி, இரண்டு பெரிய கல்லைப் புரட்டி வந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்தோம். நான் தண்ணீர் கேனை எடுத்தேன். "ஊத்தாதீங்க, வெடிச்சிரும். அதுவா ஆறட்டும்" என்றார்.

பக்கத்தில் இருந்த சின்னப் பாலத்துத் திண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெப்பம் வெளியேறட்டும் என்று கதவுகளைத் திறந்து வைத்திருந்தோம். குரங்குகள் வந்தன. நாங்கள் எழுந்திருப்பதற்குள் ஒரு பெரிய குரங்கு பின் சீட்டில் ஏறி, சின்ன மூட்டையைக் கிழித்து, இரண்டு கையிலும் கிழங்கை அள்ளிக்கொண்டு போனது.

"ரூபாவத் தூக்கிட்டுப் போகுது பாருங்க" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வண்டி எப்படி?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அருமையான வண்டி. சும்மா நின்னு நின்னு பிரேக் ஆயில் கெட்டுப்போச்சு, அதான் கொதிச்சிருச்சு. அத மாத்தறது என் வேலை. வண்டிக்கு வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப வாங்கலாமா?"

"எத்தன வருஷமா இப்படி எறங்குறீங்க?"

"பதினாறு வருஷம். ஒண்ணும் ஆனதில்லை."

"அதுதாங்க அண்ணே பயமா இருக்கு. ஒரு தடவ ஏதாவது ஆகியிருந்தா கை பயந்திருக்கும்."

"மொதல்லயே தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"எஞ்சின் சத்தம் விட்டுப்போச்சே. தெரிஞ்சுது."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?" எனக்குக் கோபம் வந்தது.

"சொல்லியிருந்தா இன்னிக்கு மட்டும் கியர்ல எறங்கியிருப்பீங்க. நாளைக்குப் பின்னால நான் இருக்க மாட்டேன், டேனி இருப்பான்." சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆனா ஆயில் அவ்வளவு சீக்கிரம் கொதிக்கும்னு நான் நினைக்கல. அது என் தப்பு" என்றார்.

நான் சத்தியம் செய்தேன். இனி என் ஜென்மத்தில் நியூட்ரலில் இறங்க மாட்டேன் என்று. அவர் தலையாட்டினார், நம்புகிற மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை. பெடலை நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தார். திரும்ப வந்திருந்தது. "ஏத்தத்துல பிரேக்குக்கு வேலை இல்ல. நீங்களே ஓட்டுங்க" என்று பழையபடி பின்னால் ஏறிக்கொண்டார்.

ஏற்றம் முழுக்க மூன்றாவது கியரில் வந்தேன். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேர்வை காய்ந்து சட்டை குளிர்ந்தது. அரவேணுவுக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு ஒரு இடத்தில் இறங்கி ஏறும், தெரியும் இல்லையா, தோட்டத்துக்குப் போகிற மண்பாதை பிரிகிற இடம். ஐம்பதடி இருக்குமா அந்த இறக்கம். அந்த நேரம் நான் உங்கம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி லேசாகப் போவது போல இருந்தது. கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கியர் மேல் இருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது.

எப்போது போட்டேன் என்று சத்தியமாகத் தெரியாது. நான் மறுபடி மூன்றைப் போட்டேன். ஜாஸ்மின், நீ இரண்டு தடவை படிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஷெட்டில் உங்கம்மா சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருந்தாள். மணி ஒன்று. "என்ன தம்பி, வண்டி தேறுமா? அவங்க ரெண்டு மணிக்குள்ள சொல்லச் சொன்னாங்க" என்றாள். அந்த வியாபாரிக்குச் சொன்ன அதே வார்த்தையை எனக்கும் சொல்லப் போகிறார், டேனி திங்கட்கிழமையும் பஸ்ஸில்தான் போகப் போகிறான் என்று நின்றேன்.

அவர் அவளைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு லைசென்ஸ் இருக்குங்களா?" என்றார்.

"இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி குன்னூர்ல எடுத்தது. இவுங்க எங்க ஓட்ட விட்டாங்க?"

"ஏறுங்க. அடுத்த வளைவு வரைக்கும், கொஞ்சம் எறக்கம்."

"நானா?"

"பிள்ளைங்க ஏறியாச்சு. நீங்க ஏறுங்க."

நானும் போனேன், அவருக்குப் பக்கத்தில், ரூபாவின் கிழிந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு. உங்கம்மாவுக்கு இரண்டு தடவை எஞ்சின் அணைந்துபோனது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். "இருடா தம்பி, நானே இப்பத்தான் கத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி கிளப்பினாள். இறக்கம் வந்தது. போர்டைப் படித்தாள். வாய்விட்டே படித்தாள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற மாதிரி. பிறகு கியரை இரண்டில் போட்டாள். எஞ்சின் முனகிக்கொண்டே இறங்கியது. அவர் என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்து இறங்கியதும் சொன்னார். "வாங்கிக்கங்க அக்கா. திங்கட்கிழமைக்குள்ள பிரேக் வேலைய முடிச்சுத் தர்றேன். ஆனா நீங்கதான் ஓட்டணும். ஒரு மாசம் காலைல நான் கூட வர்றேன்."

"ஏன், இவுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பதில் சொல்லும் வேலையை என்னிடம் விட்டார். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

"எனக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்லையாம். தூரத்துல வர்றது தெரியலைன்னு தம்பி சொல்றாரு" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, தராசைக் கழற்றி உள்ளே எடுத்துப் போனார். மீதிக் கிழங்கை உங்கம்மா வாங்கிக்கொண்டாள், ஒரு மாதம் அதைத்தான் தின்றோம்.

அதற்கப்புறம் அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சொன்னபடி ஒரு மாதம் காலையில் வந்து, உங்கம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பாக்டரியில் நான் பிக்கப் ஓட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் காரணம் கேட்டார். அங்கேயும் கண் என்றுதான் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மெக்கானிக் ஷெட்டைக் காலி செய்துவிட்டுப் போனார். பந்தலூருக்கே போய்விட்டார் என்று ஒருத்தர் சொல்கிறார், திருப்பூரில் இருக்கிறார் என்று இன்னொருத்தர். போகிற அன்றைக்கு ரோட்டில் பார்த்தேன். "அண்ணே, கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார். கேலியா, விசாரிப்பா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஜாஸ்மின், வண்டியை அம்மாவிடம் கற்றுக்கொள். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். என் கையிலிருந்து உன் கைக்கு எதுவும் வரக்கூடாது.

இன்னும் ஒன்று எழுதிவிட்டு முடிக்கிறேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பாக்டரியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. குரங்குகளை விரட்டிவிட்டுக் கிளம்புகிற அவசரத்தில், சக்கரத்துக்கு வைத்த கல்லை நாங்கள் எடுத்து ஓரம் போடவில்லை. வண்டியைப் பின்னால் நகர்த்தித் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டு கல்லும் வளைவில் நடு ரோட்டில் கிடக்கும்.

மறுநாள் கோயிலுக்கு வரவில்லை என்று உங்கம்மா கோபித்துக்கொண்டாள். பாக்டரியில் மோட்டார் வேலை என்று சொல்லியிருந்தேன். நான் முதல் பஸ்ஸில் கீழே இறங்கினேன். கண்டக்டர், "இங்க என்னங்க இருக்குது, ஸ்டாப்பே கெடையாதே" என்று சொல்லிக்கொண்டே விசில் கொடுத்தார். பனி விலகவில்லை. ஒரு கல்லை யாரோ ஏற்கெனவே ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். மற்றது அங்கேயேதான் கிடந்தது, ஈரமாக. குனிந்து இரண்டு கையாலும் புரட்டினேன். மூன்று புரட்டில் ஓடைக்குள் விழுந்தது. பாதி மண்ணில் புதையும் வரைக்கும் காலால் மிதித்தேன். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மலையை ஒட்டி மேலே நடந்தேன்.